செலவும் துணையும்



பழந்தமிழிலே 'செலவு' என்னும் சொல்லுக்குப் பயணம் என்பது பொருள். ஊர்விட்டு ஊர் செல்லுதலையே முன்னோர் செலவு என்றனர். நாமோ இன்று கைப்பொருள் கரைவதற்கே அச்சொல்லை வழங்குகின்றோம். இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்துமிடம் தூரதேசப் பயணம். நம் ஊர் இளம்பெண் ஒருத்தி, தனித்து நின்று, தன் உழைப்பின் பணத்திலே, பத்திரமாக ஐரோப்பிய நாடுகள் சிலவற்றைப் பார்த்து மீளுதல் கூடுமா? கூடுமாயின் எவ்வாறு? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

நம் ஊர் என்று பொதுப்படச் சொல்லாமல் புத்தூர் என்றே வைத்துக்கொள்வோம். செம்மண் தோட்டங்களும், சோமாஸ்கந்தக் கல்லூரியும், பக்கத்தே நிலாவரைக் கிணறும் உடைய அவ்வூரை நேயர் பலரும் அறிவர். 1983ஆம் ஆண்டின் பின்னர் வலிகாமத்து ஊர்கள் பலவற்றைப் போலவே புத்தூரும் தன் மக்களுட் பலரை ஐரோப்பாவுக்கு அனுப்பிவிட்டது. ஒரு வீட்டில் மாமன் சூரிச்சில் இருப்பார். அயல்வீட்டில் பெரியம்மா பாரிசில் இருப்பார். ஆகவே ஐரோப்பா என்பது புத்தூருக்குப் புதிய பெயரன்று. ஆனால், அங்கு சென்றவருள் பெரும்பாலோர் புகலிடம் தேடிச் சென்றவர். அல்லது மணமாகிச் சென்றவர். அல்லது படிக்கச் சென்றவர். பார்த்துவிட்டு வருவோம் என்று சென்று, பார்த்துவிட்டு வந்த பெண்கள் மிகச் சிலரே.

இருபத்தைந்து வயதுடைய ஆசிரியை ஒருத்தியையோ தாதி ஒருத்தியையோ எண்ணிப் பாருங்கள். நான்கு ஆண்டுகளாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வைத்திருக்கின்றாள். விடுமுறையில் மூன்று வாரம் ஐரோப்பா போய்வர விரும்புகின்றாள். வீட்டிலே சொன்னவுடன் தாயார் கேட்கும் முதற்கேள்வி, "தனியவோ பிள்ளை? ஆர் துணை?" என்பதாகும். இக்கேள்வியைப் பழமை என்று தள்ளுதல் தகாது. அஃது அன்பிலே பிறந்த கேள்வி. விடை கூறவேண்டிய கேள்வியும் ஆகும்.

பெண்ணொடு கடற்செலவு மேற்கொள்ளும் வழக்கம் இல்லை என்று கருதும்படி தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் ஒரு விதி உண்டு. அதனைக் காட்டித் தடுப்பாரும் உளர். ஆயின், அதே தமிழ் மரபிலேதான் அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஒளவையார் இருக்கின்றார். இளங்கன்னியாகிய மணிமேகலை கடல்சூழ் மணிபல்லவத்திலே தனித்து நின்றாள். அந்த மணிபல்லவமே நம் நயினாதீவு என்பாரும் பலர். நூல்களை விடுவோம். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் யாத்திரையிலே நம் பெண்கள் இன்றும் செல்கின்றனர். காடும் வெயிலும் அவர்களைத் தடுப்பதில்லை. காரணம், வழியிலே மடம் உண்டு, தண்ணீர்ப்பந்தல் உண்டு, உடன்வரும் அடியார் கூட்டம் உண்டு. துணை என்பது ஓர் ஆளாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. நல்ல ஏற்பாடும் துணையே.

ஐரோப்பாவிலே இந்த ஏற்பாடு எவ்வாறு உண்டாயிற்று என்பது அறியத்தக்க வரலாறு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே புகையிரதப் பாதைகள் பெருகின. கிராமத்துப் பெண்கள் வேலை தேடிப் பெருநகரங்களுக்குத் தனியே வரத் தொடங்கினர். புகையிரத நிலையத்திலே அவர்களை ஏமாற்றி அழைத்துச் செல்லத் தீயோரும் காத்திருந்தனர். இதைக் கண்டு மனம் பொறாதோர் பல சங்கங்களை அமைத்தனர். இலண்டனில் 1855இல் வை. டபிள்யூ. சி. ஏ. என்னும் இளம்பெண் கிறிஸ்தவ சங்கம் தோன்றியது. 1877இல் ஜெனீவாவிலே 'இளம்பெண்ணின் தோழியர்' என்ற பொருள்படும் சங்கம் ஒன்று எழுந்தது. 1894இல் பேர்லின் நகரப் புகையிரத நிலையமொன்றிலே 'பான்ஹோஃப்ஸ்மிசியோன்' என்னும் நிலையப் பணி தொடங்கப்பட்டது. தனியே வந்திறங்கும் பெண்ணுக்கு வழிகாட்டி, தங்குமிடம் காட்டுவதே அதன் முதல் நோக்கம். இன்று யேர்மனியின் நிலையங்களுள் ஏறத்தாழ நூறில் அப்பணி நடைபெறுகின்றது. சமயம், நாடு, மொழி பாராது, வந்தவர் யாராயினும் உதவுகின்றது. தாயார் கேட்ட கேள்விக்கு அந்நாட்டார் நூறாண்டுக்கு முன்னரே விடை தேடினர் என்பதற்கு இதுவே சான்று.

தங்குமிடத்தின் கதையும் இத்தகையதே. ரிச்சர்ட் ஷிர்மான் என்னும் யேர்மனிய ஆசிரியர் 1909 ஆகஸ்ட் மாதத்திலே தம் மாணவருடன் நடைப்பயணம் சென்றபோது இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. ஒரு கிராமப் பாடசாலைக் கட்டிடத்திலே இராப்பொழுதைக் கழித்தனர். விடுமுறையில் வெறுமையாய்க் கிடக்கும் பள்ளிக்கூடங்களை இளம் பயணிகளுக்குத் தங்குமிடமாக்கினால் என்ன என்று அவர் எண்ணினார். அவ்வெண்ணம் அல்தேனா என்னும் ஊரின் பழங்கோட்டையிலே 1912இல் நிலையான இளைஞர் விடுதியாக உருப்பெற்றது. 1932இல் பல நாட்டு விடுதிச் சங்கங்கள் கூடிச் சர்வதேசச் சம்மேளனம் அமைத்தன. நம் ஊர் மடங்களைப் போன்றவையே இவை. ஓர் அறையிலே நான்கு, ஆறு, எட்டுக் கட்டில்கள், கட்டிலுக்கே வாடகை, பொதுச் சமையலறை, பொருளைப் பூட்டிவைக்கப் பெட்டகம். பெண்களுக்கென்றே ஒதுக்கிய அறைகள் பெரும்பாலான விடுதிகளில் உண்டு. முன்பதிவு செய்யும்போதே அதனைக் கேட்டுப் பெறவேண்டும். ஓட்டல் அறை வாடகையோடு ஒப்பிட்டால் இக்கட்டில் வாடகை மிகக் குறைவு. பக்கத்துக் கட்டிலிலே இன்னொரு தேசத்துப் பெண் இருப்பாள் என்பது அதனினும் பெரிய ஆறுதல்.

இனிப் பயணத்தின் ஆயத்தத்தைப் பார்ப்போம். முதலாவது கடவுச்சீட்டு. யாழ்ப்பாணத்தவர் இதற்காகக் கொழும்புக்கோ வவுனியாவுக்கோ செல்லவேண்டியிருந்த நிலை மாறி, 2025 செப்டெம்பரிலே யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டது. இரண்டாவது விசா. லக்சம்பேர்க் நாட்டிலே ஷெங்கன் என்ற சிற்றூரில் 1985இல் கைச்சாத்தான ஒப்பந்தத்தின் பயனாக, இன்று 29 நாடுகளுக்கு ஒரே விசா போதும். சுவிற்சர்லாந்து, யேர்மனி, பிரான்சு, இத்தாலி, நோர்வே யாவும் அதிலடங்கும். பிரித்தானியாவும் அயர்லாந்தும் அடங்கா. அவற்றுக்கு வேறு விசா வேண்டும்.

எந்த நாட்டிலே அதிக நாள் தங்கப்போகின்றோமோ அந்த நாட்டிடமே விண்ணப்பிக்கவேண்டும். நாட்கள் சமமாயின் முதலில் நுழையும் நாட்டிடம் கேட்கவேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைந்தால் ஏலாது. வளர்ந்தோருக்குக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் இப்பணம் திரும்பாது. கடவுச்சீட்டு, பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டதாயும், திரும்பும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாயும் இருத்தல் வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். தங்கக்கூடிய காலம் எந்த 180 நாளிலும் 90 நாள். 2025 ஒக்டோபரிலிருந்து வருகையும் புறப்பாடும் கைரேகையோடும் முகப்படத்தோடும் கணினியிற் பதியும் முறை படிப்படியாக வந்துள்ளது. ஆதலால் ஒரு நாள் மிகையாகத் தங்கினும் கணக்கிலே தெரிந்துவிடும்.

விசா அதிகாரி முக்கியமாகத் தேடுவது ஒன்றையே. இவள் திரும்பி வருவாளா என்பதே அது. உத்தியோகக் கடிதம், விடுமுறை அனுமதி, பல மாதத்து வங்கிக் கணக்கு, திரும்பும் விமானப் பதிவு ஆகியவை அதற்குச் சாட்சி கூறும். விண்ணப்பத்துக்கு இரண்டு நாள் முன்னர் எங்கிருந்தோ வந்து கணக்கிற் சேர்ந்த பெருந்தொகை சாட்சி கூறாது, ஐயத்தையே வளர்க்கும். உறவினர் வீட்டிலே தங்குவதாயின் அவருடைய அழைப்புக் கடிதத்தை இணைத்து, உள்ளதை உள்ளவாறே எழுதவேண்டும். மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்திலே தருவர், மேன்முறையீட்டுக்கும் வழியுண்டு.

இவ்விடத்திலே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லவேண்டும். விசா எடுத்துத் தருகிறோம், வேலையும் உண்டு, படிவம் ஒன்றும் வேண்டாம் என்று கூறும் முகவர் நம் குடாநாட்டிலே பல்லாண்டாக உலவுகின்றனர். நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீர். ஆழம் செல்லச்செல்ல உவர். இவர்கள் பேச்சும் அத்தன்மையதே. 1996 டிசெம்பரிலே, நத்தார் இரவில், மால்டாவுக்கும் சிசிலிக்கும் இடையே கள்ளத்தனமாகப் பயணிகளை ஏற்றிய சிறு படகொன்று மூழ்கியது. இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கைத் தமிழர் எனக் குறைந்தது 283 பேர் மாண்டனர். வீட்டையும் தோட்டத்தையும் ஈடுவைத்துக் கொடுத்த பணம் அந்தக் கடலிலே போயிற்று. உயிரும் போயிற்று. கடவுச்சீட்டை இன்னொருவர் கையில் ஒப்படைக்கும் எந்தப் பயணமும் பயணமன்று. அதிலும் இளம்பெண்ணுக்கு அது மீளாவழியாக முடியும். தூதரகத்துக்கோ, தூதரகம் நியமித்த விண்ணப்ப நிலையத்துக்கோ தானே நேரிற் சென்று, தானே கைரேகை கொடுத்து, தானே கையொப்பமிட்டுப் பெறும் விசாவே விசா.

அடுத்து, செலவைக் குறைக்கும் வழிகள். 2022 மார்ச்சிலே ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த விலை, மே மாதத்துள் 360 ரூபாய் வரை ஏறியதை நாம் மறக்கவில்லை. நம் பெண்ணின் நான்காண்டுச் சேமிப்பிலே ஒவ்வொரு யூரோவும் அருமையானது. ஆகவே ஜூலை, ஆகஸ்டு மாதங்களை விடுத்து, ஏப்பிரல், மே அல்லது செப்டெம்பர், ஒக்டோபரிற் செல்வது நன்று. விமானக் கட்டணமும் கட்டில் வாடகையும் அப்போது இறங்கியிருக்கும். குளிரும் கடுமையாய் இராது.

புகையிரதத்துக்கு 'யூரெயில்' என்னும் ஒட்டுமொத்தச் சீட்டு 1959இலிருந்து உண்டு. ஐரோப்பாவிலே வதியாதார்க்கு உரியது அது. அங்கே வதிவோருக்கு 1972இல் தொடங்கிய 'இன்ரர்ரெயில்' உரியது. எனவே புத்தூர்ப் பெண் யூரெயில் வாங்கவேண்டும். சூரிச்சில் வாழும் அவளுடைய மைத்துனி இன்ரர்ரெயில் வாங்கவேண்டும். இருவரும் ஒரே வண்டியில் அருகருகே இருக்கலாம். இருபத்தேழு வயதுக்கு மேற்படாதாருக்கு இளைஞர் கழிவும் உண்டு. ஆனால் பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின் நாடுகளின் அதிவேக வண்டிகளிலும், இரவு வண்டிகளிலும் ஆசனப் பதிவுக்குத் தனிக்கட்டணம் கேட்பர். இரண்டு மூன்று நகரங்களையே பார்ப்பவருக்கு ஒட்டுமொத்தச் சீட்டைவிட, முன்கூட்டி வாங்கும் தனிச்சீட்டுக்கள் மலிவாய் முடிதலும் உண்டு. இரண்டையும் கணக்கிட்டே முடிவு செய்க.

உள்ளூர்ப் போக்குவரத்திலும் சில வசதிகள் உள. லக்சம்பேர்க்கிலே 2020ஆம் ஆண்டிலிருந்து பேருந்து, திராம், இரண்டாம் வகுப்புப் புகையிரதம் யாவும் எவர்க்கும் இலவசம். சுவிற்சர்லாந்தில் ஜெனீவா, பாசல், பேர்ண் நகரங்களிலே விடுதியில் ஓரிரவு தங்கினாலும், தங்கும் நாளெல்லாம் நகரப் போக்குவரத்துக்கு இலவசச் சீட்டுத் தருவர். யேர்மனியிலே 2023 மே மாதத்தில் 49 யூரோவுக்கு வந்த மாதச்சீட்டு, 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ ஆயிற்று. நாடெங்கும் பிராந்திய வண்டிகளிலும் பேருந்துகளிலும் அது செல்லும். அதிவேக வண்டியிற் செல்லாது. சூரிச் நகரிலே 1,200க்கு மேற்பட்ட நீரூற்றுக்கள் தெருவோரத்தில் உள. அவற்றின் நீர் குடிக்கத்தக்கது. தண்ணீர்ப் போத்தலுக்குக் கொடுக்கும் காசு மிச்சம். விடுதிச் சமையலறையிலே சோறும் பருப்பும் ஆக்கிக்கொண்டால் உணவுச் செலவு பாதிக்கும் கீழே இறங்கும். பாரிசின் லா ஷப்பல் பகுதியிலே தமிழ்க் கடைகள் நிறைந்துள்ளன. அரிசியும் மிளகாய்த்தூளும் தேடி அலையவேண்டியதில்லை.

இனிப் பாதுகாப்பு. புத்தூரார்க்கு வல்லைவெளியைப் பற்றிச் சொல்லவேண்டுமா? ஆளற்ற, காற்றடிக்கும் அந்தப் பெருவெளியை இருட்டுமுன் கடந்துவிடு என்பது நம் பெரியோர் வாக்கு. ஐரோப்பாவிலும் அதுவே முதல்விதி. புதிய நகருக்குப் பகலிலேயே சென்று சேரும்படி வண்டியைத் தெரிந்துகொள்க. முதலிரவுக்கு உரிய இடத்தை ஊரிலிருந்தே உறுதிசெய்க. நிலையத்திலிருந்து விடுதிக்குச் செல்லும் வழியை முன்னரே படித்து வைத்துக்கொள்க. இரவு வண்டியிலே செல்ல நேரின், ஒஸ்திரிய இரயில்வேயின் 'நைற்ஜெற்' வண்டிகளில் பெண்களுக்கென ஒதுக்கிய படுக்கை அறைகள் உண்டு. அதிற் சென்றால் ஓரிரவு விடுதி வாடகையும் மிச்சமாகும்.

பெருநகரங்களிலே உயிருக்கு அபாயம் குறைவு. கைப்பைக்கு அபாயம் அதிகம். பாரிஸ், ரோமாபுரி, பார்சலோனா நகரங்களின் சுரங்க இரயில்களிலே முடிச்சுமாறிகள் கைதேர்ந்தவர். ஆகவே, கடவுச்சீட்டையும் பணத்தையும் உடையின் உட்புறம் வைத்தல் வேண்டும். கடவுச்சீட்டின் படியொன்றை வேறிடத்திலும், இன்னொன்றை வீட்டாரிடத்திலும் வைத்தல் வேண்டும். கையொப்பமிடக் கேட்டு மொய்ப்போரிடமும், கையிலே நூல் கட்ட வருவோரிடமும் நில்லாது நடத்தல் வேண்டும். தான் திறக்காத, தன் கண்ணைவிட்டு நீங்கிய பானத்தை அருந்தல் ஆகாது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்திலும், சுவிற்சர்லாந்து, நோர்வே நாடுகளிலும் 112 என்னும் எண் பொலிஸ், தீயணைப்பு, வைத்திய உதவி மூன்றுக்கும் பொதுவானது, கட்டணம் இல்லாதது. இதனை மனப்பாடம் செய்க.

தெருவிலே பெண்ணைச் சீண்டுதல் அங்கு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருந்தபடியாலேதான் பிரான்சு 2018இலே அதற்கெனத் தண்டப்பணம் விதிக்கும் சட்டம் இயற்றியது. நிறத்தைப் பார்த்துப் பேசுவோரும் அங்கங்கே உளர். இத்தகையவற்றை நேரிடும்போது நாணிக் குனிதல் வேண்டா. உரத்த குரலிலே 'வேண்டாம்' என்று சொல்லி, வெளிச்சமும் ஆட்களும் உள்ள கடைக்குள்ளே நுழைதல் வேண்டும். பணியாளரிடம் சொல்லுதல் வேண்டும். குற்றம் செய்தவனே நாணத்தக்கவன்.

நம்மவர்க்கு இன்னொரு துணையும் அங்கு உண்டு. பாரிசிலே 1985இலிருந்து மாணிக்கப் பிள்ளையார் கோயில் விளங்குகின்றது. யேர்மனியின் ஹம் நகரிலே 2002இல் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரத்தோடு கோயில் எழுந்தது. பேர்ண் நகரிலே 2014இல் திறக்கப்பட்ட பல்சமய இல்லத்திலே சிவன் கோயிலும் இடம்பெற்றுள்ளது. அகதியாய் வந்தவர் கட்டியெழுப்பிய இடங்கள் இவை. அங்கே தமிழிலே பேசி ஆலோசனை கேட்கலாம், உண்ணலாம். ஆயினும் ஓர் எச்சரிக்கை. தமிழ் பேசுவோர் எல்லாரும் உறவினர் ஆகார். முன்பின் அறியாதவர் வீட்டிலே தங்கச் சொன்னால், எந்த நாட்டவராயினும், விடுதியே நல்லது.

கடைசியாக, பெற்றோரை நோக்கி ஒரு சொல். 1889 நவம்பரிலே நெல்லி பிளை என்னும் அமெரிக்க இளம்பெண் தனியே உலகைச் சுற்றப் புறப்பட்டாள். 72 நாளிலே சுற்றி முடித்தாள். வழியிலே நம் கொழும்பிலும் கப்பலுக்காகக் காத்திருந்தாள். அவள் கொண்டுவந்தது ஒரு சிறு கைப்பை மாத்திரமே. அதற்கு முன்னரே, 1840இல், எலைசா அக்னியூ என்னும் அமெரிக்கப் பெண், மணமாகாதவர், யாழ்ப்பாணம் வந்து உடுவில் மகளிர் பாடசாலையிலே ஏறத்தாழ நாற்பதாண்டு கற்பித்தார். தாய்நாட்டுக்கு ஒருமுறையேனும் திரும்பவில்லை. நம் பாட்டிமாருக்குக் கல்வி கிடைத்ததில் அவ்வாறு தனித்து வந்த பெண்களுக்கும் பங்குண்டு. அவர்களின் பெற்றோரும் அஞ்சியிருப்பர், எனினும் விடைகொடுத்தனர்.

உங்கள் மகள் நாளொன்றுக்கு ஒருமுறை, குறித்த நேரத்திலே, வீட்டுக்குக் கைத்தொலைபேசியிற் பேசட்டும். அவள் எந்த நாளில் எந்த ஊரில் எந்த விடுதியில் இருப்பாள் என்ற பட்டியல் உங்கள் கையில் இருக்கட்டும். பட்டியல் மாறினால் மாறியதை உடனே அறிவிக்கட்டும். அவளும் தன் விருப்பத்துக்காக உங்கள் நித்திரையைக் கெடுக்காதிருக்கும் கடமையை உணரட்டும். ஆனால், "கலியாணம் முடித்துப் புருஷனோடு போகலாம்" என்று மாத்திரம் சொல்லி அவள் ஆசையை மூடிவைத்தல் நீதியன்று. அவளுடைய தம்பி நண்பரோடு இந்தியா சென்றபோது நாம் அவ்வாறு சொல்லவில்லை அல்லவா?

மூன்று வாரத்திலே அவள் திரும்பி வருவாள். அவள் கண்ட அரண்மனைகளும் பனிமலைகளும் நாளடைவில் நினைவிலே மங்கும். தெரியாத நகரிலே, தெரியாத மொழியின் நடுவே, வரைபடத்தை விரித்து வழிகண்டுபிடித்தேன் என்ற உறுதி மங்காது. வகுப்பறையிலே பிள்ளைகளின் முன்னோ, வைத்தியசாலையிலே நோயாளரின் முன்னோ அவள் நிற்கும்போது அவ்வுறுதியும் உடன் நிற்கும். துணை யார் என்ற கேள்விக்கு, அறிவும் ஆயத்தமும் என்று அவளே அப்போது விடை சொல்வாள்.